காசு வேண்டாம் என்பார், நம்பிவிடாதீர்கள்!

டெஹ்ரானில் டாக்சியைவிட்டு இறங்குகிறீர்கள். எவ்வளவு என்று கேட்டால், ஓட்டுநர் 'காபெலி நதாரே' என்பார். உங்களுக்கு முன்னால் இதெல்லாம் ஒரு பொருட்டா, காசு வேண்டாம் என்று அர்த்தம். அடடா, நல்ல மனிதர் என்று நடையைக் கட்டிவிடாதீர்கள்! அது உபசாரப் பேச்சு. நீங்கள் வற்புறுத்த வேண்டும், அவர் மறுக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று இப்படிப் போன பிறகுதான் கட்டணம் என்னவென்று வாய் திறப்பார். அது அதிகம் என்று தோன்றினால் பேரத்தை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

ஈரானியர்களின் இந்த வழக்கத்துக்குப் பெயர் 'தாரோஃப்'. வாசல் கதவருகே இருவர் நின்று, 'முதலில் நீங்கள்', 'இல்லையில்லை, நீங்கள்' என்று மாறி மாறிச் சொல்வதும் இதில் அடக்கம்.

விருந்துக்குப் போனாலும் இதே கதை. முதலில் வரும் தேநீரை 'எதற்குச் சிரமம்?' என்று மறுப்பது மரியாதை. எப்படியும் வந்துவிடும், இடை சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில், பால் கலக்காமல். நம் வீட்டு டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியாக இறக்கி, வெந்நீர் ஊற்றி நிறம் பார்த்துத் தருவார்கள். சர்க்கரையைக் கலக்குவதில்லை, 'கந்த்' என்கிற கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்கள்.

மனசாரத்தான் கொடுக்கிறேன் என்று காட்ட, 'நான் தாரோஃப் செய்யவில்லை' என்று சொல்வதுண்டு. வேடிக்கை என்னவென்றால், சில நேரம் அதுவும் தாரோஃப்தான்!