வங்கம் தந்த தொண்டர்: சசி மகராஜின் சென்னை வாழ்க்கை

ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து கல்வி பயிலும் நமக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை என்றாலே மனம் சற்றுக் கனக்கும். டாக்குரியா ரயில் பாலத்தின்மேல் நின்று கீழே ஓடும் வண்டிகளைப் பார்க்கும்போது, இவற்றில் ஒன்றாவது நம்மைச் சென்னைக்குக் கொண்டு சேர்க்காதா என்று எண்ணாத தமிழ் மாணவர் நம்மிடையே மிகச் சிலரே. நாம் வந்த இதே வழியை, எதிர்த் திசையில், 1897ஆம் ஆண்டில் கடந்து சென்றார் ஒரு வங்க இளைஞர். அவர் கதையை அறிந்துகொண்டால் நம் ஏக்கம் தீராவிட்டாலும் அதற்கு ஒரு பயனாவது பிறக்கும் என்பது என் எண்ணம்.

பாலத்தைக் கடந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால் கோல்பார்க். அங்கே 1961 முதல் இராமகிருஷ்ண மிஷன் பண்பாட்டுக் கழகத்தின் பெரிய கட்டடம் நிற்கிறது. நம்மில் பலர் அதன் நூலகத்திலும் மொழிப் பள்ளியிலும் நுழைந்து வந்தவர்களே. அந்த மிஷனின் கிளை தென்னாட்டில் வேரூன்றக் காரணமாக இருந்தவர்தாம் நம் கதைக்குரியவர். துறவறப் பெயர் சுவாமி இராமகிருஷ்ணானந்தர். வங்காளிகள் அன்போடு அழைப்பது சசி மகராஜ்.

அவர் 1863ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்தவர். கணக்கில் வல்லவர். கல்லூரியில் பயிலும் நாளில், 1883இல், இராமகிருஷ்ணரைக் கண்டார். 1886இல் குரு மறைந்தபின், தோழர்களான இளந்துறவியர் ஒவ்வொருவராகக் காசிக்கும் இமயத்துக்கும் யாத்திரை புறப்பட்டனர். சசி மட்டும் மடத்தை விட்டு அசையவில்லை. பூசை செய்வது, சமைப்பது, அலைந்து திரும்பும் தோழர்களுக்குச் சோறு வைத்துக் காத்திருப்பது, இவையே பத்தாண்டுக் காலம் அவர் செய்த தவம்.

அப்படி வாசற்படி தாண்டாத ஒருவரைத்தான் விவேகானந்தர் சென்னைக்கு அனுப்பினார்! மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினார். நிலையான ஒரு மடம் வேண்டும், அதற்கு ஒருவரை அனுப்ப வேண்டும் என்று அன்பர்கள் கேட்டுக்கொண்டனர். உங்களில் ஆசாரம் மிகுந்தவரையும் மிஞ்சக்கூடிய ஒருவரை அனுப்புகிறேன் என்ற பொருளில் அவர் விடை சொன்னதாகக் கூறுவர். மார்ச்சு மாதத்தில் சசி மகராஜ் கப்பலேறிச் சென்னை வந்தார். கோதாவரிப் பாலம் 1900இல்தான் திறக்கப்பட்டது. ஆதலின் அந்நாளில் கடல்வழியே வருவதுதான் எளிது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியா ஒரே நாடுதான். ஆயினும் 1897இல் வங்கத்து இளைஞர் ஒருவருக்குச் சென்னை அயல்நாடு போன்றதே. மொழி வேறு, எழுத்து வேறு, உணவு வேறு. மீன் குழம்பும் சந்தேஷும் அறிந்த நாவுக்குப் புளியும் மிளகாயும் எப்படி இருக்கும் என்பதை, இங்கே கடுகெண்ணெயோடு முதல் மாதம் போராடிய நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய ஒரு வாரம் எப்படி நடந்தது? காலையில் பூசை. பிறகு தம் கையாலேயே சமையல், நைவேத்தியம், வீட்டு வேலை. தொடக்கத்தில் பணியாளோ உதவித் துறவியரோ மிகுதியாக இல்லை. மாலையானால் வகுப்பு. திருவல்லிக்கேணியில் ஒன்று, மயிலாப்பூரில் ஒன்று, சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்று, கூவத்துக்கு அப்பால் புரசைவாக்கத்தில் ஒன்று என்று ஊரின் நாற்புறமும் சென்றுவந்தார். கீதையும் உபநிடதமும் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்வார். சில காலம் வாரத்துக்குப் பதினொரு வகுப்புகள் வரை நடத்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். வாரத்துக்கு நாள்கள் ஏழுதானே! ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குச் செல்லும் நாள்களும் இருந்தன என்பது இதனால் விளங்கும். இரவு திரும்பியதும் மீண்டும் பூசை. கோடை இரவில் புழுக்கம் தாங்காதபோது, குருவின் படத்துக்கு விசிறிக்கொண்டே விழித்திருப்பாராம்.

இத்தனை உழைப்புக்கும் கூட்டம் கூடியதா? எப்போதும் இல்லை. ஒரு நாள் பெருமழை. வகுப்பு நடக்கும் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. சசி மகராஜ் மட்டும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். வெற்று அறையில் அமர்ந்து, குறித்த நேரம் முழுவதும் பாடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார் என்று சொல்வர். பின்னர் இதைக் கேட்டவர்களிடம், பிறருக்குப் போதிக்க நான் வரவில்லை, இது நான் மேற்கொண்ட விரதம் என்ற கருத்தில் அவர் விடையளித்தாராம்.

முதன்முறை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காலியிருக்கைகளுக்குப் பாடம் சொல்வதில் என்ன பொருள் என்று நினைத்தேன். நம் சங்கக் கூட்டம் ஒன்றுக்கு நான்கே பேர் வந்த மாலையில் அதன் பொருள் புரிந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பிறக்கும் ஊக்கம் கூட்டம் கலைந்தால் தானும் கலைந்துபோகும். நாள் தவறாமை என்னும் பழக்கமோ யாரும் வராத நாளில்தான் வலுப்பெறுகிறது. அன்று பயிற்சி பெற்றவர் மாணவர் அல்லர், ஆசிரியர்.

அவருக்கு வந்த துன்பங்களும் சிறியன அல்ல. ஐஸ் ஹவுஸின் உரிமையாளரான பிலிகிரி அய்யங்கார் இடம் கொடுத்து ஆதரித்தார். அவர் மறைவுக்குப்பின் 1906இல் அக்கட்டடம் ஏலத்துக்கு வந்தது. அன்பர்கள் பதறினர். சசி மகராஜோ ஒரு பலகையில் அமைதியாக அமர்ந்திருந்தார். நமக்கு வேண்டுவது ஒரு சிறு இடம்தானே என்பது அவர் எண்ணம். கட்டடம் கைமாறியபின் புறமனை ஒன்றில் சில காலம் தங்கினார். 1907இல்தான் மயிலாப்பூரில் மடத்துக்கெனச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

இடையில் 1905இல் மயிலாப்பூரில் மாணவர் இல்லம் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரில் பிளேக் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த சில சிறுவரின் நிலையே அதற்குத் தூண்டுகோல் என்பர். அவர் வகுப்புகளில் அமர்ந்து கேட்ட இளைஞர்களே அந்த இல்லத்தைத் தோளில் சுமந்தனர். ஏழை மாணவர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் தரும் அவ்வில்லம் இன்றும் நடைபெற்று வருகிறது. வாரந்தோறும் சொன்ன பாடம் முளைத்த இடம் அது.

அவர் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது இது. தமிழ்நாடு அவருக்குக் கொடுத்தது என்ன? இதைத்தான் நாம் சிறப்பாக நினைக்க வேண்டும். பார்த்தசாரதி கோயில் நிற்கும் திருவல்லிக்கேணிப் பக்கத்தில் வாழ்ந்த அவர் உள்ளத்தை, ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் கவர்ந்துவிட்டார். அவ்வாசாரியரின் வரலாற்றைத் தேடிக் கற்று, வங்கமொழியில் நூலாக எழுதினார். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ‘உத்போதன்’ இதழில் அது வெளியாயிற்று. காவிரிக் கரையின் செல்வம் கங்கைக் கரையினருக்கு அவரால் கிடைத்தது. கற்பிக்கச் சென்றவர் கற்றுக்கொண்டு, கற்றதைத் தம் மக்களுக்கு அனுப்பினார். அயலூரில் தொண்டு செய்வோர் பலர் கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். பெறவும் தெரிந்தவர்தாம் வளர்கிறார்.

பதினான்கு ஆண்டு ஓயா உழைப்பு உடலை உருக்கியது. காசநோய் கண்டு 1911இல் கல்கத்தா திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் மறைந்தார். வயது நாற்பத்தெட்டு.

நண்பர்களே, நாம் துறவியர் அல்லோம்; ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் நமக்கும் வாரத்துக்கு ஏழு நாள்கள் இருக்கின்றன. லேக் மார்க்கெட்டில் இட்டிலி கிடைக்கிறது என்ற மகிழ்ச்சியோடு நம் கல்கத்தா அறிமுகம் முடிந்துவிடலாமா? வாரம் ஒரு மாலை, ரயில் பாதையோரக் குடிசைகளில் வாழும் பிள்ளைகள் நால்வருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்போம். அதே மாலையில் அவர்களிடம் வங்கமொழி கற்போம். நல்ல வங்கக் கதை ஒன்றைத் தமிழாக்கி இவ்விதழுக்குத் தருவோம். மழை பெய்து ஒரு பிள்ளையும் வராத நாள் ஒன்று கட்டாயம் வரும். அன்றும் குறித்த நேரத்துக்குப் போய் நிற்போம். நம் பயிற்சி அன்றுதான் தொடங்குகிறது.