பச்சை ஆடையும் மனித மனமும்

பெங்களூரு மாநகரில், முன்னர் மத்திய சிறைச்சாலையாய் இருந்து இப்பொழுது ஃப்ரீடம் பார்க் என வழங்கும் இடத்தில் உழவர் சங்கத்தார் கூடும் நாட்களில், அவ்வழியே செல்வோர் கண்ணில் முதலிற்படுவது பச்சை நிறமே. தோள்மீது கிடக்கும் ஒரு பச்சைச் சால்வையைக் கண்ட அளவிலேயே, அதனை அணிந்தவர் எவ்வூரார், என்ன பயிர் செய்பவர் என்பன தெரியாவிடினும், அவர் உழவர் என்பதும் ஒரு கோரிக்கையுடன் வந்துள்ளார் என்பதும் எவர்க்கும் விளங்கிவிடுகின்றன. கன்னடத்தில் இதனை 'ஹசிரு ஷாலு' என்பர். தமிழ்நாட்டு உழவர் சங்கத்தார் தோளில் காணப்படும் பச்சைத் துண்டும் இதற்கு உறவுடையதே.

இச்சால்வைக்கு இப்பொருள் நெடுங்காலமாக வந்ததன்று. 1980ஆம் ஆண்டில் வட கர்நாடகத்தின் நரகுந்து, நவலகுந்து பகுதிகளில் எழுந்த உழவர் கிளர்ச்சியை அடுத்து, அவ்வாண்டிலேயே கர்நாடக ராஜ்ய ரைத சங்கம் தோன்றிற்று. சட்டப் பேராசிரியராய் இருந்த எம். டி. நஞ்சுண்டசுவாமி (1936–2004) அதன் தலைவர்களுள் பெரிதும் அறியப்பட்டவர். அச்சங்கத்தார் பச்சைச் சால்வையைத் தம் அடையாளமாகக் கொண்டனர். ஒரு தலைமுறைக்குள் அது எத்துணை வேரூன்றிவிட்டதென்பதற்கு ஒரு சான்று போதும். 2018 மே 17இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற பி. எஸ். எடியூரப்பா, பச்சைச் சால்வை அணிந்தே பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். அச்சால்வை என்ன சொல்லுகிறது என்பதைப் பார்வையாளர்க்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

இங்கு விஞ்ஞான நோக்குடையார் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. சால்வையின் இவ்வாற்றல் பச்சை என்னும் நிறத்தில் உள்ளதா? அன்றி அதனைச் சூழ்ந்த நினைவுகளில் உள்ளதா? பச்சை ஆடை மனத்துக்கு அமைதி தரும், கோபத்தைத் தணிக்கும், அணிபவரை நம்பத்தக்கவராய்க் காட்டும் என்றெல்லாம் எழுதப்படுவதை ஆசிரியர்கள் அடிக்கடி கண்டிருப்பர். பள்ளிச் சீருடைக்கு நிறம் தெரிந்தெடுக்கும்பொழுதும் இவ்வாறான பேச்சு எழுவதுண்டு. இவற்றுள் எவ்வளவு சோதனையிற் தேறியது, எவ்வளவு செவிவழிச் செய்தி என்று பிரித்தறிதல் நலம்.

முதலாவது, பச்சை எல்லா நாட்டிலும் ஒரே பொருள் தருவதன்று. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில், அவர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்பதைக் காண மக்கள் பேராவலுடன் காத்திருப்பர். பச்சைப் பட்டாயின் அவ்வாண்டு மழை பொழிந்து நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. கர்நாடகத்தில் மணப்பெண்ணுக்கும் கருவுற்ற மகளிர்க்கும் பச்சை வளையல் மங்கலப் பொருள். இசுலாமியரிடையே பச்சை மதிப்புக்குரிய நிறம். ஆனால் இங்கிலாந்து நாட்டு நாடக நடிகர்களிடையே, மேடையில் பச்சை உடை அணிதல் தீயசகுனம் என்ற எண்ணம் வழிவழி இருந்துவந்துள்ளது. நிறம் ஒன்றே, மனம் கொண்ட பொருள்தான் வேறு.

எனினும் இவையாவும் ஊர்தோறும் மனம்போனபடி அமைந்தவை என்றும் கூறிவிட முடியாது. 30 நாடுகளில் 4,598 பேரிடம், இன்ன நிறப் பெயர் இன்ன உணர்ச்சியை நினைவூட்டுகிறது என வினவித் தொகுத்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. நாடுகளுக்கிடையே வியக்கத்தக்க ஒற்றுமை அதிற் காணப்பட்டது. அருகருகே உள்ள நாடுகளிலும், இனமொழிகள் பேசுவோரிடையேயும் அவ்வொற்றுமை இன்னும் மிகுந்திருந்தது. இவ்வாய்வில் கேட்கப்பட்டது நிறத்தின் பெயர் எதனை நினைவூட்டுகிறது என்பதே. அந்நிற ஆடையை உடுத்தியவர் என்ன உணர்ந்தார் என்பது கேட்கப்படவில்லை. நினைவு வருவது ஒன்று, மனம் மாறுவது வேறொன்று. பத்திரிகைகளில் வரும் நிறப்பலன்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் எழுபவையே.

உடுத்தும் ஆடை உடுத்துபவர் மனத்தை மாற்றுமா என்பதை நேரே சோதித்தவர் ஆடம், கலின்ஸ்கி என்னும் இரு ஆராய்ச்சியாளர். அவர்கள் 2012இல் வெளியிட்ட பரிசோதனைகளுள் ஒன்று சுவையானது. ஒரே வகையான வெள்ளை மேலங்கியைச் சிலரிடம் தந்து 'இது மருத்துவர் அங்கி' என்றும், வேறு சிலரிடம் தந்து 'இது ஓவியர் அங்கி' என்றும் கூறினர். மருத்துவர் அங்கி என்றெண்ணி அணிந்தோர் படங்களிடையே நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டறிவதில் மேம்பட்டு நின்றனர். துணி மாறவில்லை, நிறம் மாறவில்லை, பெயரே மாறியது. இம்முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஆயின் அவர்கள் செய்த மற்றொரு பரிசோதனையைப் பிறர் பெருந்தொகையினரைக் கொண்டு மீண்டும் செய்து 2019இல் வெளியிட்டபொழுது, முன்னர்க் கண்ட பயன் தென்படவில்லை. முதற்செய்தி பரவிய அளவுக்கு இரண்டாஞ் செய்தி பரவவில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

பச்சை ஆடையைப் பற்றிய நம்பிக்கை எவ்வாறு பிறக்கிறது என்பதைக் கண்கூடாகக் காண, பெங்களூருவிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. வழக்கமாகச் சிவப்பு உடையில் ஆடும் ராயல் சாலஞ்சர்ஸ் கிரிக்கெட் அணியினர், 2011ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தில் பச்சை உடை அணிவதை வழக்கமாக்கினர். மரம் வளர்த்தல், கழிவுப் பொருளை மறுபடி பயன்படுத்தல் முதலியவற்றில் மக்கள் கருத்தைத் திருப்புவதே இதன் நோக்கம். அன்று அவ்வணித் தலைவர் எதிரணித் தலைவருக்கு ஒரு மரக்கன்று அளிப்பதும் உண்டு. நோக்கம் இதுவாயிருக்க, இரசிகர்களிடையே வேறொரு பேச்சு வளர்ந்தது. பச்சை உடுத்தினால் தோல்வி என்பதே அது. 2017, 2018, 2019, 2020 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் பச்சை உடையில் ஆடிய ஆட்டத்தில் அவ்வணி தோற்றது. நான்கு முறை தொடர்ந்து நடந்தது தற்செயலாக இருக்குமா என்று கேட்டனர்.

இருக்கலாம். வெற்றியும் தோல்வியும் சமவாய்ப்புடைய ஓர் அணி, குறிப்பிட்ட நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்பதற்குரிய வாய்ப்பு பதினாறில் ஒன்று. நாணயத்தை நான்கு முறை சுண்டினால் நான்கும் பூவாக விழுவதற்குரிய வாய்ப்பும் இதுவே. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் நான்கு முறை நாணயத்தைச் சுண்டினால், இரண்டு மூன்று பேருக்கேனும் நான்கும் பூவாக விழக்கூடும். ஆசிரியர்கள் இதனைச் செய்துகாட்டலாம். அரைமணி நேரமும் ஆகாது. மேலும் அவ்வணியின் வாய்ப்பு அக்காலத்தில் சமமாகவும் இல்லை. 2017இல் 14 லீக் ஆட்டங்களில் அது வென்றவை 3 மட்டுமே. 2017, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டியலின் கடைசி இடமே கிட்டியது. சிவப்பு உடுத்திய நாட்களிலும் தோற்ற அணி பச்சை உடுத்திய நாளில் தோற்றதற்குத் தனிக்காரணம் தேட வேண்டுவதில்லை. 2016 மே 14இல் இதே பச்சை உடையில்தான் விராட் கோலி 109 ஓட்டங்களும், ஏ. பி. டி வில்லியர்ஸ் ஆட்டமிழக்காமல் 129 ஓட்டங்களும் குவிக்க, குஜராத் லயன்ஸ் அணி 144 ஓட்டங்களில் தோற்கடிக்கப்பட்டது. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளிலும் பச்சை உடையில் வெற்றி கிட்டியது. நம்பிக்கையுடையார் நினைவில் தோல்விகள் நின்ற அளவு இவை நிற்கவில்லை. தாம் முன்னரே எண்ணியதற்கு இசைந்தவற்றை மட்டும் பொறுக்கி நினைவிற் கொள்ளும் இவ்வியல்பு கிரிக்கெட்டுக்கு மட்டும் உரியதன்று. விதைப்பு நாள் குறிப்பதிலும், மாட்டுக்கு மருந்து தருவதிலும் களப்பணியாளர் இதனை நாள்தோறும் எதிர்கொள்வர்.

விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். 2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்தம் முதலிய போட்டிகளில் சிவப்பு உடையினர் நீல உடையினரைவிட அதிகமாக, அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 55 போட்டிகளில் வென்றனர் என 2005இல் ஓர் ஆய்வு அறிவித்தது. பின்னர்ப் பல ஒலிம்பிக், உலகப் போட்டிகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் அவ்வேறுபாடு மறைந்து, இரு நிறத்தாரும் சற்றேறக்குறையச் சரிபாதி வென்றதாகத் தெரிந்தது.

அங்ஙனமாயின் பச்சை ஆடைக்கு யாதொரு பயனும் இல்லையோ எனின், உண்டு. அது மனத்தைக் காட்டிலும் கண்ணைச் சார்ந்தது. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்வோர் பச்சை உடை அணிதல் யாவரும் அறிந்ததே. முற்காலத்தில் அவர்கள் உடுத்தியது வெள்ளை. பேரொளி விளக்கின்கீழ் வெள்ளைத் துணி கண்ணைக் கூசச் செய்தது. 1914இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மருத்துவர் ஹாரி ஷெர்மன், இரத்தத்தின் செந்நிறத்துக்கு எதிர்நிறமாகிய பச்சையை அறுவைக் கூடத்துக்குத் தெரிந்தெடுத்ததைப் பற்றி எழுதினார். சுவர், தரை, துணி யாவற்றிலும் பச்சை வந்தது. செந்நிறத்தை நெடுநேரம் உற்று நோக்கும் கண்ணில் அதனை உணரும் உறுப்பணுக்கள் தளர்ச்சியடைகின்றன. அந்நிலையில் வெள்ளைத் துணியைப் பார்த்தால் நீலங்கலந்த பச்சைநிறச் சாயை ஒன்று மிதப்பதுபோல் தோன்றும். துணியே பச்சையாயின் அச்சாயை அதனுள் மறைந்துவிடும். கண்ணுக்கும் இளைப்பாறுதல் கிட்டும்.

இதனை வகுப்பில் சோதித்துப் பார்த்தல் எளிது. வெள்ளைத் தாளின் நடுவே கையகலச் சிவப்புத் தாள் ஒன்றை ஒட்டி, அதன் மையத்தில் ஒரு புள்ளியிட்டு, முப்பது வினாடி அப்புள்ளியையே மாணவர் உற்றுநோக்க வேண்டும். பின்பு வெறும் வெள்ளைத் தாளைப் பார்க்கச் செய்தால், அதே வடிவம் பசுநீல நிறத்தில் தோன்றிச் சிறிது நேரத்தில் மறையும். தலையை அசைக்காதிருத்தல் அவசியம். பின்னர்ப் பச்சைத் தாளின்மேல் பார்க்கச் செய்து, அவ்வடிவம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என ஒப்பிடலாம்.

பகலொளியில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வதும் பச்சைப் பகுதியைத்தான். ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள, மஞ்சள் சார்ந்த பச்சையொளி அது. சாலைப்பணியாளரும் காவலரும் அணியும் மேற்சட்டை கண்ணைப் பறிக்கும் மஞ்சட்பச்சையாக அமைந்ததன் காரணம் இதுவே. அதிலுள்ள ஒளிர்சாயம் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை உட்கொண்டு புலப்படும் ஒளியாக வெளியிடுவதால், சட்டை தன்மேல் விழும் ஒளியினும் மிகுந்து மின்னுவதுபோல் காணப்படும். இரவில் புறஊதாக் கதிர் இன்மையால் ஒளிர்சாயம் உதவாது. அப்பொழுது பயன்படுவது அச்சட்டையில் தைத்துள்ள ஒளித்திருப்பு நாடாவே. வண்டியின் விளக்கொளியை வந்த வழியே அது திருப்பி அனுப்பும்.

இதற்கு நேர்மாறானது இலைப்பச்சை ஆடை. கரும்புத் தோட்டத்திலும் காட்டோரத்திலும் அளவைப் பணி செய்வோர் அதனை உடுத்தினால், சூழலோடு கலந்து பிறர் கண்ணுக்குத் தப்பிவிடுவர். படைவீரர்க்கும் வனக்காவலர்க்கும் அது வேண்டப்படுவது. டிராக்டர் ஓடும் வயலிலும் சாலையோரத்திலும் நிற்பவர்க்கு ஆபத்து. உழவர் இயக்கத்தின் பச்சைச் சால்வை நகரத் தெருவின் சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரிகிறது; அதே சால்வை நெல்வயலில் தெரியாது.

இன்னுமொன்று ஆசிரியர் கவனத்துக்குரியது. ஆண்மக்களுள் நூற்றுக்குச் சிலர் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவராய்ப் பிறக்கின்றனர். இக்குறைக்குரிய மரபுக்கூறு எக்ஸ் குரோமோசோமில் இருத்தலின் பெண்களிடம் இது மிக அரிது. விளையாட்டுத் திடலில் ஒரு சாராருக்குச் சிவப்புச் சட்டையும் மறுசாராருக்குப் பச்சைச் சட்டையும் தந்தால், இத்தகைய சிறுவனுக்குத் தன் தோழர் யார், எதிரி யார் என்பது புலப்படாது. பந்தைத் தவறாக வீசியதற்காக அவன் கடிந்துகொள்ளப்படுவான். காரணம் அவனுக்கும் தெரியாது, கடிந்தவர்க்கும் தெரியாது. ஒரு சாராருக்கு நீலமும் மறுசாராருக்கு மஞ்சளும் தருவதால் இவ்விடர் நீங்கும். பள்ளியில் வேறு நிறச் சட்டை இல்லையாயின், ஒரு சாரார் சட்டையின் குறுக்கே அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று தைத்தாலும் போதும்.