இறுகிய தசையும் தளர்த்தும் மருந்தும்



நான் வைத்தியன் அல்லன். கலைப்பட்டம் பெற்று, அரசினர் பாடசாலைகளில் நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றி வருபவன். இத்தகைய ஒருவன் மருந்தைப்பற்றிப் பேசப் புகுவது பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். மருந்தை எழுதித் தருவது வைத்தியரின் தொழில். அதனை உண்பது நம்முடைய தொழில். வைத்தியர் நம்மோடு இருப்பது சில நிமிடங்களே. குளிகையோ நாள்தோறும் நம் கையில் இருக்கின்றது. அந்தக் கையினால் விளையும் பிழைகளைப்பற்றிச் சொல்வதற்கு, அத்தகைய பிழை ஒன்றுக்குக் காரணமாக இருந்தவன் என்ற முறையில் எனக்கும் ஓரளவு உரிமை உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

தசைப்பிடிப்பு என நாம் ஒரே சொல்லாற் குறிப்பன உண்மையில் ஒன்றல்ல. வெங்காயத் தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்து நின்றவர் மாலையில் நிமிர முயலும்போது 'நாரி பிடித்துவிட்டது' என்கின்றார். பாரம் தூக்கியவருக்கும், வகுப்பிலே கழுத்தைக் குனிந்து கொப்பி திருத்தும் ஆசிரியருக்கும் இதுவே நேர்கின்றது. இங்கே தசை களைத்தோ சிறிது கிழிந்தோ நொந்திருக்கின்றது. நொந்த இடத்தை அசைய விடாது காப்பதற்காக அது தானே இறுகிக்கொள்கின்றது. இவ்வகைப் பிடிப்புப் பெரும்பாலும் சில நாள்களில் அல்லது சில வாரங்களில் தானே தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடமும், இயன்ற அளவு நடமாட்டமும், பயிற்சியுமே இதற்குத் தலையாய மருந்துகள். தசை தளர்த்தும் குளிகையை வைத்தியர் எழுதினாலும், அது சில நாள்களுக்கு மட்டுமே உரிய துணையாகும்.

மற்றொரு வகை இதனின் முற்றும் வேறானது. அதில் தசையிற் குற்றமில்லை. தசையை ஆளும் நரம்புவழியிலேயே குற்றம். மூளையானது முண்ணாண் வழியாகத் தசைகளுக்கு 'இறுகு' என்று மட்டும் ஆணையிடுவதில்லை. 'போதும், தளர்' என்றும் ஓயாது ஆணையிட்டுக்கொண்டிருக்கின்றது. முள்ளந்தண்டிற் காயம்பட்டவர்க்கும், பாரிசவாதத்தினால் மூளை பாதிக்கப்பட்டவர்க்கும், மூளைவாதத்துடன் பிறந்த குழந்தைகளுக்கும் அந்தத் தடுப்பாணை சரிவரச் சென்று சேர்வதில்லை. ஆதலால் ஒரு போர்வை பட்டாலும் கால் துள்ளுகின்றது. இரவிலே முழங்கால் தானே மடங்கி இறுகுகின்றது. இப்பிடிப்பு ஆண்டுக்கணக்காக நிலைப்பது. இதற்குரிய மருந்தும் ஆண்டுக்கணக்காக உண்ணப்படுவது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது வைத்தியரின் பொறுப்பு. எனினும் ஒன்றை எல்லோரும் நினைவில் இருத்தல் வேண்டும். நாரிநோவுடன் கால்களிற் பலவீனம் தோன்றினாலும், இருக்கும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலும், சலம் கழிக்க முடியாமற் போனாலும், அது குளிகைக்குக் காத்திருக்கும் நோவன்று. அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

இரண்டாவது வகைப் பிடிப்புக்குப் பெரிதும் பயன்படும் மருந்து பக்லோபென் என்பது. சுவிற்சர்லாந்திலே பாசெல் நகரிலிருந்த சீபா நிறுவனத்தில் 1962 ஆம் ஆண்டில் இது ஆக்கப்பட்டது. அவர்கள் நாடியது வலிப்பு நோய்க்கு ஒரு மருந்து. வலிப்புக்கு அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆனால் இறுகிய தசைகளைத் தளர்த்தியது. நரம்புகளின் கிளர்ச்சியை அடக்குதற்கென உடலிலே இயல்பாகவே சுரக்கும் பொருள் ஒன்று உண்டு. அதன் சாயலில் அமைந்த இம்மருந்து, முண்ணாணில் நின்று, வந்துசேராத அந்தத் தடுப்பாணையின் வேலையை ஓரளவு செய்கின்றது.

இனி, நான் முன்னர்க் குறிப்பிட்ட பிழைக்கு வருகின்றேன். என் மைத்துனர் ஒருவர் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து வீழ்ந்து முள்ளந்தண்டில் அடிபட்டவர். முண்ணாண் முற்றாக அறுபடாமையால் இரு கோல்களை ஊன்றி நடப்பார். கால் துள்ளலுக்காக நாளுக்கு மூன்று வேளை பக்லோபென் உண்டுவந்தார். ஓராண்டு ஐப்பசியிலே கந்தசஷ்டி விரதம் பிடிக்க விரும்பினார். ஆறு நாளும் குளிகையை விட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டார். அத்தான் படித்தவர், அதிபர் என்ற நம்பிக்கையிற் கேட்டார். 'விட்டுவிடும், உடம்புக்கும் ஓய்வு கிடைக்கும்' என்று நான் சொன்னேன். சற்றும் தயங்காமற் சொன்னேன்.

இரண்டாம் நாளே கால்கள் முன்னெப்போதும் இல்லாதவாறு இறுகின. மூன்றாம் நாள் உடல் அனலாய்க் கொதித்தது. அன்றிரவு, என்றோ இறந்துபோன தம் தந்தையார் வாசலில் நிற்கின்றார் எனச் சொல்லி, அவரோடு பேசத் தொடங்கினார். விரதத்தின் பயன் என்றனர் சிலர். காய்ச்சலின் பிதற்றல் என்றனர் வேறு சிலர். வைத்தியசாலையில் எங்களைக் கண்ட இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, 'இவர் வழமையாக உண்ணும் மருந்து யாது? எப்போது நிறுத்தினார்?' என்பதே. விடை சொல்லவேண்டியவன் நானாயிருந்தேன். மருந்து மீண்டும் தொடங்கப்பட்டது. சில நாள்களில் அவர் தெளிந்தார். இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம், உயிருக்கே இடர் நேர்ந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். என் மைத்துனர் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்கு இன்றளவும் உறுத்தலாக இருக்கின்றது.

நிகழ்ந்தது யாது? நெடுநாள் ஒரு தடுப்பை வெளியிலிருந்து பெற்றுவந்த நரம்புகள், அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்கின்றன. அத்தடுப்பைத் திடீரென நீக்கினால், அணை உடைந்த குளம்போல அவை ஒருங்கே கிளர்ந்தெழுகின்றன. ஆதலின், பக்லோபெனைத் தொடங்குவதும் படிப்படியாக, நிறுத்துவதும் படிப்படியாக. வளர்ந்தவர்க்குப் பொதுவாக 5 மில்லிகிராம் அளவில் மூன்று வேளையாகத் தொடங்கிச் சில நாள்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். நிறுத்தும்போது வாரக்கணக்கிற் குறைப்பார்கள். இவ்வளவைச் சொல்வது நீங்கள் தாமாக அளந்து உண்பதற்கன்று. வைத்தியர் சிறிதாகத் தொடங்கும்போது 'இது போதாது' என அவசரப்படாமைக்கே. கந்தசஷ்டியாயினும், றமழான் நோன்பாயினும், தவக்காலமாயினும், விரதம் பூணுவோர் முன்கூட்டியே தம் வைத்தியரிடம் சொல்லி, வேளைகளை எவ்வாறு அமைப்பது எனக் கேட்டறிதல் கடமையாகும்.

குறைவினால் வரும் தீங்கைப்போலவே மிகையினாலும் தீங்கு வரும். பிடிப்பு முழுவதும் பகை என நாம் எண்ணுகின்றோம், அது சரியன்று. பலவீனமான காலை உடையவர் எழுந்து நிற்கையில், அந்தக் காலின் இறுக்கமே அவருக்கு ஊன்றுகோலாக உதவுவதும் உண்டு. மருந்தைக் கூட்டி அந்த இறுக்கத்தை முற்றாக நீக்கினால், முழங்கால் மடங்கி அவர் வீழ்வார். எனவே பிடிப்பை அடியோடு ஒழிப்பது மருந்தின் நோக்கமன்று. நடக்கவும் உறங்கவும் துணி மாற்றவும் இடையூறில்லாத அளவுக்குத் தணிப்பதே நோக்கம்.

சில நாள்களாக அடங்கியிருந்த பிடிப்புத் திடீரென மிகுமானால், இன்னொரு குளிகையை எடுத்து விழுங்குதல் அறிவுடைமையாகாது. உடம்பு ஏதோ ஒன்றைச் சொல்ல விரும்புகின்றது. சலத்திற் கிருமித் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், இறுகக் கட்டிய ஆடை ஆகிய இவை போன்றவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். உணர்ச்சி குன்றிய காலிலே நோவு தெரியாது. நோவுக்குப் பதிலாகப் பிடிப்பே வருகின்றது. காரணத்தைத் தேடி நீக்கினால் பிடிப்புத் தானே அடங்கும்.

தசை தளர்த்தும் மருந்துகள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான குணம், அவை தசையோடு நின்றுவிடாமல் மூளையையும் சற்றே தளர்த்துகின்றன என்பதாகும். ஆகவே உறக்கமும் தலைச்சுற்றும் வரும். மருந்து தொடங்கிய நாள்களிலும் அளவு கூட்டிய நாள்களிலும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவதும், கூரைமீது ஏறுவதும், கிணற்றுக்கட்டில் நின்று நீர் அள்ளுவதும் ஆகா. பனங்கள்ளாயினும் சாராயமாயினும் இம்மருந்துகளோடு சேர்ந்தால் உறக்கம் மயக்கமாகும், மூச்சும் குறையக்கூடும். நித்திரைக் குளிகைகளும், வன்மையான நோவுக் குளிகைகளும், தடிமனுக்கு நாம் சாதாரணமாக உண்ணும் சில குளிகைகளுங்கூட அவ்வாறே மயக்கத்தைக் கூட்டுவன. முதியோர்க்கு இது மேலும் கடுமையானது. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, தனியே இருக்கும் முதியோர் நம் ஊர்களில் மிகப் பலர். இரவிலே எழுந்து தள்ளாடி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிந்தால் உதவுவார் யார்?

வேறொரு கருத்தும் உண்டு. பக்லோபென் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியாகவே வெளியேறுகின்றது. சலரோகத்தினாலோ வேறு காரணத்தினாலோ சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு அது உடலிலே தேங்கி, சிறிய அளவுகூட அறிவு தடுமாறச் செய்துவிடும். டிசானிடின் என்ற மற்றொரு மருந்தோ இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்; ஈரலையும் தாக்கக்கூடும். சலத் தொற்றுக்கு வழங்கும் சிப்ரோபுளொக்சசின் என்னும் மருந்துடன் அதனைச் சேர்த்து உண்ணவே கூடாது; சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாக வீழும். டயசிப்பாம் என்பது நெடுநாள் உண்டால் பழக்கமாகிவிடும். எனவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், கிளினிக் கொப்பியையும் உண்ணும் குளிகைகள் அனைத்தையும் ஒரு பையிற் போட்டுக் கொண்டுசென்று காட்டுங்கள். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் அதனை முதலிலேயே சொல்லல் வேண்டும்.

இனி, இரவல் மருந்து. நம்மவர் மனமுவந்து பகிர்ந்துகொள்ளும் பொருள்களிற் குளிகையும் ஒன்றாகிவிட்டது. பாரிசிலிருந்து வந்த உறவினர் பெட்டியிலிருந்தும், தலயாத்திரை சென்று தமிழ்நாட்டிலிருந்து மீண்டவர் பையிலிருந்தும் 'நாரிப்பிடிப்புக்கு நல்ல குளிகை' வெளிவருகின்றது. அவற்றுள் ஒன்று தயோகொல்சிகோசைட்டு. அது எதிலிருந்து பிறக்கின்றது தெரியுமா? கார்த்திகை மாதத்தில் நம் வேலிகளிலே தீச்சுடர்போலப் பூக்கின்றதே, அந்தக் கார்த்திகைச் செடியின் விதையிலிருந்து. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பகுதிகளில் விதைக்காகவே அதனைப் பயிரிடுகின்றார்கள். அச்செடியின் கிழங்கு கொடிய நஞ்சு என்பதை நம் மூதாட்டியர் அறிவர். நஞ்சுள்ள செடியிலிருந்து மருந்தும் பிறக்கின்றது. இரண்டையும் பிரிப்பது பக்குவமும் அளவுமே. 2013 ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகவரகம் அம்மருந்தை ஆராய்ந்து, அது சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் உயிரணுக்களின் மரபுக்கூறுகளைப் பாதிக்கக்கூடும் எனக் கண்டு, வாய்வழியாக ஏழு நாள்களுக்கு மேல் அதனை உண்ணலாகாது, நாட்பட்ட நோவுக்கு அது உரியதன்று, கருவுற்றோர்க்கும் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்கும் ஆகாது என அறிவித்தது. மாதக்கணக்கில் நீடிக்கும் பிடிப்புக்கு அதனை இரவல் வாங்கி உண்பவர், இவற்றுள் எதனையும் அறியார்.

இரவல் கொள்ளாதவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரே மருந்து பல வணிகப்பெயர்களில் வருகின்றது. அரசினர் வைத்தியசாலையில் ஒரு பெயராலும் தனியாரிடத்தில் மற்றொரு பெயராலும் பெற்று, ஒன்றையே இருமுறை உண்டவர் உளர். மருந்துகளை அவற்றின் இயற்பெயராலேயே வழங்கவேண்டும் என்று பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் முயற்சியின் பயன். நாமும் பொதியிலுள்ள இயற்பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வோமாக. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் மருந்துக்கு நேர்ந்த தட்டுப்பாட்டை நாம் மறந்திலோம். பக்லோபென் போன்ற மருந்து உண்போர், கடைசிக் குளிகை தீருமட்டும் காத்திராது, ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததற்கு வழி தேடல் வேண்டும். கிடையாதெனின் வைத்தியரிடம் சென்று, மாற்று வழி யாதெனக் கேட்டல் வேண்டும்.

1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்கினார். அந்நியர் ஒருவர் நம் மொழியிற் சொல்ல முயன்றதை, நம் மொழியிற் கேட்க நாம் ஏன் கூசவேண்டும்? 'ஐயா, இந்தக் குளிகை எதற்கு? எத்தனை நாளைக்கு? எதனோடு சேரக்கூடாது? நிறுத்துவதாயின் எவ்வாறு?' இந்நான்கு கேள்விகளையும் மருந்துச் சிட்டை கையில் வரும்போதே கேளுங்கள். மருந்து உண்டவர் எழுப்ப முடியாதவாறு உறங்கினாலும், நிறுத்தியபின் காய்ச்சலும் பிதற்றலும் தோன்றினாலும், 1990 என்னும் இலக்கத்தை அழையுங்கள். அவசர ஊர்தி கட்டணமின்றி வரும்.

அக்கேள்விகளை என் போன்ற அயலாரிடம் கேளாதீர்கள். கேட்கப்படுபவர் எத்துணை கற்றவராயினும், அறியாத ஒன்றை அறியேன் என்று சொல்லக் கற்றிருந்தாலன்றி அவர் சொல்லிற் பயனில்லை. இவ்வாண்டும் கந்தசஷ்டிக்கு முன்னர் என் மைத்துனர் குளிகையைப்பற்றி என்னிடம் ஏதோ கேட்டார். 'வாரும், கிளினிக்குக்குப் போவோம்' என்று மட்டும் சொன்னேன்.