பழக்கன்றுகளை முயலிடமிருந்து காப்போம்

மீளக்குடியேறும் குடும்பங்கள் பல, வீடு எழும்புமுன்பே வளவில் ஒரு தேசிக்கன்று, ஒரு மாதுளை, நாலு பப்பாசி என்று நட்டுவிடுகின்றன. ஆனால் வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த காணிகளில் பற்றை மண்டி, அங்கே முயலும் குடியிருக்கும். சில வருடங்கள் காத்திருந்து காய் பறிக்கவேண்டிய தேசியை அது ஒரே இரவில் துண்டித்துவிடும்.

முயல்தானா என்று பாருங்கள்

எமது காட்டுமுயல் வளை தோண்டி வாழ்வதில்லை. பகலில் புற்பற்றைக்குள் பதுங்கிக் கிடந்து, பொழுதுபட்ட பின்னரே மேயவரும். அது கடித்த தண்டு கத்தியால் சரிவாக வெட்டியது போல இருக்கும். மாடு கடித்தால் நுனி பிய்ந்து நார் தெரியும்.

காவல் போடும் முறை

நட்ட அன்றே காவல் போடுங்கள். கன்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, பனைமட்டைகளை இரண்டரை அடி உயரத்துக்கு நெருக்கமாக நாட்டுங்கள். முயல் பின்னங்காலில் எழுந்து நின்றும் கடிக்கும் என்பதால் உயரம் அவசியம். கம்பிவலை கிடைத்தால் ஓரங்குலக் கண்ணுள்ளதை எடுத்து, அடிப்பக்கத்தை நாலு விரல் ஆழத்துக்குப் புதையுங்கள். சுற்றிவர உள்ள பற்றையைத் துப்புரவாக்கினால் முயலுக்கு ஒதுங்க இடமிராது. சாணிக் கரைசல் பூசுவோரும் உண்டு. மழை கழுவிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பவேண்டாம்.

முள்ளும் தடியும் வெட்டுவதற்காக, கண்ணிவெடி அகற்றப்பட்டதென அறிவிக்கப்படாத காணிக்குள் ஒருபோதும் இறங்காதீர்கள். நஞ்சு வைத்தால் கோழியும் நாயும் சாகும். கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது; அது முயலுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் பாராது.

கடிபட்ட கன்றை உடனே பிடுங்காதீர்கள்

பட்டை வளையமாக முழுவதும் போயிருந்தால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்காது. கன்று மெல்லப் பட்டுவிடும். ஒரு பக்கப் பட்டையாவது மேலும் கீழும் தொடர்ந்திருந்தால் தண்ணீரும் நிழலும் கொடுத்துப் பாருங்கள், தப்பக்கூடும். ஒட்டுக்கன்றானால் ஒட்டுக்கு மேலிருந்து வரும் தளிரையே வளரவிடுங்கள். கீழிருந்து வருவது நீங்கள் விரும்பி வாங்கிய இனமாக இராது.

பிறர் காணியில் தங்கியிருப்போர்

உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பிக் கன்றை வளர்த்து, மூன்றடிப் பரண்மேல் வையுங்கள். முயலுக்கு எட்டாது. ஊருக்குத் திரும்பும் நாளில் கன்றையும் கையோடு கொண்டுபோகலாம்.

ஒரு கன்றுக்கு வேண்டியது மட்டைகளும் கொஞ்ச நேர வேலையும்தான். அடுத்த கன்றை நடுமுன் மட்டைகளைச் சேர்த்து வையுங்கள்.