தேதியிடாத சீட்டு

தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் சொந்த வீடுடைய குடும்பஸ்தர்கள், தாங்கள் செலுத்தும் சொத்து வரியோடு நூலக வரி என்றொரு சிறு தொகையும் சேர்ந்தே போகிறது என்பதை அறிந்தால், கிளை நூலகத்தினுள் இன்னும் சற்று உரிமையோடு பிரவேசிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் செய்துவைத்த ஏற்பாடு அது. அச்சட்டத்திற்காக ஓயாது உழைத்தவர், சீர்காழியில் பிறந்து, 1937-இல் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியில் அதற்கு முன்பே பயின்ற எஸ். ஆர். ரங்கநாதன். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகன் உண்டென்று 1931-இலேயே விதி வகுத்தவரும் அவரே.

அந்த வாசகன் யார் என்பது புதுப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதுதான் தெரியும். உட்பக்கத்தில் ஊதா முத்திரை, அதனடியில் மையினால் எழுதிய சேர்க்கை எண், கடைசித் தாளில் பசை இன்னும் முறுமுறுக்கும் தேதிச் சீட்டு. அச்சீட்டில் ஒரு தேதிகூட விழவில்லையென்றால், அப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் முதல் மனிதர் நீங்களே. (எனக்கு இதில் அற்ப கர்வம் உண்டு.)

கிளை நூலகத்தில் அகப்படாததைத் தேடுவோர் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்கலாம். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகத்திற்கு, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் அனுப்பியே தீர வேண்டுமென்பது 1954-ஆம் வருஷத்துச் சட்டம்.