மலைச்சரிவில் மனை வாங்கிட்டீங்களா? சுவருக்கு முன்னால் தண்ணீரைக் கவனியுங்க!

2019 டிசம்பர் 2, அதிகாலை. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் கனமழை. தனியார் வீடு ஒன்றின் சுமார் 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து, பக்கத்தில் தாழ்வாக இருந்த ஓட்டு வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர்.

சுவர் ஒருவருடையது; இறந்தவர்கள் வேறு வீட்டுக்காரர்கள். மேடு பள்ளமான நிலத்தில் சுவர் எழுப்பும் எவரும் மறக்கக் கூடாத கணக்கு இது.

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல், ஏற்காடு என்று மலையில் மனை தேடும் இளைஞர்கள் பலர். அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: “கீழ்ப்பக்கம் ஒரு தடுப்புச் சுவர் கட்டி, மண்ணைக் கொட்டி சமப்படுத்தி, மேல பேவர் பிளாக் போட்டுட்டா முடிஞ்சுது சார்!”

உண்மையில் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

10 சென்ட்டில் எவ்வளவு தண்ணீர் விழும்?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். அப்படியானால் 100 மி.மீ. மழைக்கு உங்கள் மனையில் மட்டும் சுமார் 40,000 லிட்டர் விழும். 10,000 லிட்டர் லாரி நான்கைக் கொண்டுவந்து கவிழ்த்த மாதிரி!

2009 நவம்பரில் நீலகிரி மாவட்டம் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. அந்தக் கணக்கில் 10 சென்ட்டுக்கு 3.3 லட்சம் லிட்டர். அப்போது மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

புல்லும் மரமும் உள்ள நிலம் மழையில் கணிசமான பகுதியை உறிஞ்சிவிடும்; மீதியும் மெதுவாகத்தான் ஓடும். கான்கிரீட் தளத்திலோ 80 முதல் 95 சதவீதம் அப்படியே ஓடும், அதுவும் வேகமாக. டிரைவ்வே, படிக்கட்டு, பார்க்கிங் என ஒவ்வொன்றாகச் சேரும்போது, சரிவில் இறங்கும் தண்ணீரும் கூடிக்கொண்டே போகும்.

சுவரைத் தள்ளுவது மண்ணா, தண்ணீரா?

தடுப்புச் சுவர் மண்ணைத் தாங்கத்தான் கட்டப்படுகிறது. ஆனால் பல சுவர்களை விழவைப்பது அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்.

3 மீட்டர், அதாவது சுமார் 10 அடி உயரச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்னால் இருப்பது மணற்பாங்கான மண், ஈரமில்லை என்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் விசை வரும். வடிய வழியில்லாமல் உச்சி வரை தண்ணீர் நிரம்பினால் அதே இடத்தில் சுமார் 6 டன். வெயில் காலத்தில் கல் மாதிரி நிற்கும் சுவர் ஐப்பசி மழையில் ஏன் சாய்கிறது என்பதற்கு விடை இதுதான்.

தீர்வு, சுவரை இன்னும் தடிமனாக்குவது மட்டுமல்ல. தண்ணீர் வெளியேற வழி விடுவது.

* சுவரில் சுமார் 1.5 மீட்டர் இடைவெளியில், மேலும் கீழும் மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சற்றே சாய்ந்த ‘வீப் ஹோல்’ துளைகள் வேண்டும். 3, 4 அங்குல பிவிசி குழாய் வைக்கலாம்.
* சுவருக்குப் பின்னால் ஒரு அடிக்குக் குறையாமல் ஜல்லி நிரப்ப வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ‘ஜியோடெக்ஸ்டைல்’ துணி போட்டால் மண் புகுந்து அடைக்காது.
* அடியில், துளையிட்ட குழாய் ஒன்று தண்ணீரைப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும்.

தோண்டிய மண்ணையும் கட்டட இடிபாட்டையும் பின்னால் கொட்டுவது, “பார்க்க நல்லா இல்ல” என்று துளைகளைப் பூசி அடைப்பது: அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள் இவை.

15 அடிக்கு ஒரே சுவர் எழுப்புவதைவிட, 5 அடியாக மூன்று படிகளாகக் கட்டலாம். ஆனால் இரண்டு சுவர்களுக்கு நடுவே போதிய இடைவெளி வேண்டும். கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது விடுவது பொதுவான வழக்கம். நெருக்கிக் கட்டினால் மேல் சுவரின் பாரமும் கீழ்ச் சுவர் மேலேயே இறங்கும்.

சென்னைப் பழக்கம் மலையில் உதவாது

சமவெளியில் மழைநீரை உறிஞ்சுகுழியில் விட்டு நிலத்தடிக்கு அனுப்புவது நல்ல பழக்கம். அதையே சரிவின் விளிம்பிலோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ செய்தால் ஆபத்து. மண்துகள்களுக்கு இடையே தண்ணீர் நிரம்பும்போது அவற்றின் பிடி தளர்கிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. செப்டிக் டேங்க் கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மலையில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் சேமிக்கலாம். தொட்டி நிரம்பி வழிவதைக் குழாய் மூலம் பாதுகாப்பான இடத்துக்கு இறக்க வேண்டும். எங்கே எவ்வளவு ஊறவிடலாம் என்பதை மண்ணைப் பரிசோதித்த பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

மேலிருந்து கீழே: தண்ணீருக்கு வழி

1. மேல் எல்லை: மேலேயிருந்து வரும் தண்ணீர் மனைக்குள் நுழையும் முன்பே, சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டிப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும்.
2. வீட்டைச் சுற்றி: தளம் சுவரிலிருந்து வெளிப்புறமாக, மீட்டருக்கு 2 செ.மீ. வீதமாவது சாய வேண்டும்.
3. டிரைவ்வே: செங்குத்தான பாதையில் நடுவிலும் கேட் அருகிலும் கம்பி மூடி போட்ட குறுக்கு வடிகால் தேவை.
4. பேவர் பிளாக்: தண்ணீரை உறிஞ்சும் வகை, சமமான இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும். செங்குத்தான சரிவில் அடியில் உள்ள மணல் அரித்துப்போகும். அங்கே படிகளும் புல்லும் மேல்.
5. கீழ் எல்லை: குழாய் முடியும் இடத்தில் பெரிய கற்களைப் பரப்பி வேகத்தைக் குறைக்க வேண்டும். வெளியேறும் தண்ணீர் ஓடைக்கோ பொது வடிகாலுக்கோ போகணுமே தவிர, கீழ் வீட்டுக்காரரின் சுவர் மேல் விழக் கூடாது.

திறந்த சரிவுகளில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் 2, 3 மீட்டர் ஆழம் இறங்கி மண்ணைப் பிடிக்கும். கடும் குளிரில் மெதுவாகத்தான் வளரும் என்பதால், உதகை போன்ற இடங்களில் உள்ளூர்ப் புல்வகைகளையும் சேர்ப்பது நல்லது.

மண்ணை வெட்டும் முன்

2024 பிப்ரவரியில் உதகை அருகே வீடு கட்டும் பணியில், தடுப்புச் சுவருக்காக மண் தோண்டிய இடத்தில் மேலிருந்த கட்டடம் இடிந்து விழுந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தனர். செங்குத்தாக வெட்டிவிட்டு, முட்டுக் கொடுக்காமல் கீழே ஆளை இறக்குவது உயிரோடு விளையாடுவது. வெட்டும் வேலையை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளவே கூடாது.

மலைப் பகுதிகளுக்கு விதிகளும் தனி. ‘ஹாக்கா’ எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல் அமைக்கப்பட்டது. அதன் வரம்புக்குள் வரும் கிராமங்களில் கட்டுமானத்துக்குக் கூடுதல் அனுமதி தேவை. நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் விசாரித்துவிடுவது நல்லது.

எப்போது உஷாராகணும்?

* தரையில் அல்லது சுவரில் புதிய விரிசல், சுவர் நடுவில் உப்புதல்
* மரம், மின்கம்பம் சாய்தல். கதவு, ஜன்னல் திடீரென இறுகுதல்
* இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று. கலங்கிய சேற்று நீர்
* கனமழையிலும் வீப் ஹோலில் சொட்டுக்கூட வராதது. இது நல்ல செய்தியல்ல, துளை அடைத்திருக்கலாம்

மழை நேரத்தில் விரிசலோ சேற்று ஊற்றோ தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறி, கீழே உள்ளவர்களையும் எழுப்பி, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் தகவல் சொல்ல வேண்டும். விரிசலுக்கு சிமென்ட் பூசுவதெல்லாம் அப்புறம்.

மனை பார்க்கப் போகிறவர்கள் வெயில் நாளில் போய் ‘வியூ’ மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒருமுறை நல்ல மழையில் குடையோடு போங்க. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியில் இறங்குகிறது என்று பாருங்க. பிறகு கீழ் எல்லையில் நின்று, அங்கே யார் வீடு இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்க.