பனித்துகளைப் படம் பிடித்த உழவர்

கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவரைப் பனி ஏமாற்றிவிடும். கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று தெரியும் பனிப்பரப்பு, படத்தில் சாம்பல் நிறமாக வந்து நிற்கும். ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிடுவதுதான் காரணம். எனவே அது காட்டும் அளவைவிட ஒன்று அல்லது இரண்டு ‘ஸ்டாப்’ கூடுதலாக ஒளியை உள்ளே விடவேண்டும்.

ஒற்றைப் பனித்துகளோ வெண்மையே அன்று, கண்ணாடி போன்றது. அதைப் படமாக்க வழி கண்டவர் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ ஊரைச் சேர்ந்த உழவர் வில்சன் பென்ட்லி. 1885 ஜனவரி 15 அன்று முதல் படம் எடுத்தபோது அவருக்கு வயது 19. நம்மில் பலருடைய வயதுதான்!

குளிர்ந்த கொட்டகையில், கறுப்புப் பலகையில் விழும் துகள்களுள் நல்லதொன்றைத் துடைப்பக் குச்சியால் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைப்பார். இறகால் மெல்ல அழுத்துவார். மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும் பொருளல்லவா? நுண்ணோக்கி பொருத்திய கேமரா சன்னலை நோக்கி நிற்கும். வானத்து ஒளி துகளின் பின்னாலிருந்து ஊடுருவி வர, உள்ளே இருக்கும் கோடுகள் யாவும் புலப்படும். பிறகு நெகட்டிவின் நகலில் துகளைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தியால் சுரண்டி, பின்னணியைக் கருமையாக்குவார். இதைக் குறை கூறியோரும் உண்டு. துகளின் உருவைத் திருத்தாதவரை இதில் பிழையில்லை என்பது என் கருத்து.

இவ்வாறு 5000க்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். அவற்றுள் 2000க்கு மேற்பட்டவை 1931இல் நூலாக வெளிவந்தன. அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று அவர் காலமானார்.